எவர் கையும் படாத ரேடியோ

அன்புள்ள தங்கைக்கு,

உன் அண்ணன் எழுதுவது. நீ போனை எடுப்பதில்லை என்பதால் கடிதம். தபால்காரர் கதவிடுக்கில் தள்ளிவிட்டுப் போய்விடுவார், உன்னால் எடுக்காமல் இருக்க முடியாது என்கிற தைரியத்தில் எழுதுகிறேன். இங்கே நானும் உன் அண்ணியும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை. என் வலது முழங்கால் வீங்கியிருக்கிறது, உன் அண்ணி ஒன்பது நாளாக என்னிடம் நேராகப் பேசாமல் சுவரைப் பார்த்துப் பேசுகிறாள், மற்றபடி சௌக்கியம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, தூக்கம் வருகிறதா என்று தெரிந்துகொள்ள ஆசை. இதைக் கேட்கிற யோக்கியதை உனக்கு உண்டா என்பாய். இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

இந்த மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு போய் இருக்கப் போகிறாய் என்று உன் அண்ணி சுவரிடம் சொன்னாள். விமானத்தில் போகிற தூரம், இனிமேல் திரும்பி வருவது சந்தேகம் என்றும் சொன்னாள். அதற்குள் நான் ஒருமுறை உன் வீட்டுக்கு வரவேண்டியிருக்கிறது. சும்மா இல்லை, வேலையாகத்தான். நம் வீட்டு மாப்பிள்ளை, உன் புருஷனின் பட்டறையில் இருக்கும் உதிரிபாகப் பெட்டியிலிருந்து எனக்கு ஒரு சாமான் தேவை. என்ன சாமான், எதற்கு என்று விவரமாகச் சொல்கிறேன். பாதியில் கிழித்துப் போட்டுவிடாதே.

அப்பாவின் ரேடியோவைப் பற்றித்தான். அப்பா போனபோது நீ கேட்டது அது ஒன்றைத்தான். நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு மறந்திருக்காது, கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் மறந்திருக்காது. "உன் வீட்டுக்குப் போனா உன் புருஷன் அக்குவேறு ஆணிவேறா பிரிச்சுப் போட்டுடுவாரு. என்கிட்ட இருந்தா ஒரு கையும் படாம இருக்கும். நல்ல பொருளுக்கு மெக்கானிக் எதுக்கு?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். ரேடியோ மெக்கானிக்கான உன் புருஷனும் சிரித்தார். அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிற போகிற எல்லாரையும் அந்த மரப்பெட்டிக்கு முன்னால் நிறுத்தி, முகப்பில் பச்சைக் கண் விளக்கு ஒளிர்வதைக் காட்டி, "இத்தனை வருஷம். ஒரு மெக்கானிக் தொட்டது கிடையாது" என்று சொல்லாமல் அனுப்பியதில்லை. சும்மா வாய்ச்சொல் இல்லை. முப்பத்தொரு வருஷம் எடை அளவு இலாகாவில் இன்ஸ்பெக்டராக இருந்து ஊரிலுள்ள தராசுகளுக்கெல்லாம் முத்திரை குத்தியவன் நான். ரேடியோவின் முதுகுப் பலகையில் இருக்கும் நாலு திருகாணிக்கும் அரக்கு உருக்கிப் பொட்டு வைத்திருந்தேன். யாராவது திறந்தால் அரக்கு உடையும். வருஷம் தவறாமல் பூதக்கண்ணாடி வைத்துச் சோதிப்பேன். உடைந்ததே இல்லை. அதையும் வருகிறவர்களிடம் காட்டுவேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்ததற்கு வருகிறேன். மாப்பிள்ளை வந்திருந்தார். அவர் ஆறு மாசத்துக்கு ஒருமுறை, வருஷத்துக்கு ஒருமுறை இந்தப் பக்கம் வேலையாக வரும்போது எட்டிப் பார்ப்பார், அது உனக்குத் தெரிந்ததுதான். அவர் வந்த நாளெல்லாம் உன் அண்ணிக்குக் கொடிக்கயிறு அறுந்துபோகும். "என்னங்க, ஒரு சுருள் கயிறு வாங்கிட்டு வந்துடுங்களேன்" என்பாள். நானும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அன்றைக்கும் கிளம்பினேன். தெருமுனையில் எங்கள் இலாகாவின் பழைய மேலதிகாரி எதிரே வந்தார். "உங்க ரேடியோ ரேடியோன்னு சர்வீஸ் முழுக்கக் கேட்டுக் கேட்டு என் காது புளிச்சுப் போச்சு, இன்னிக்கு அதைப் பாத்தே ஆகணும்" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். கதவைத் தள்ளினால் அப்பாவின் ரேடியோ முகம் குப்புறக் கிடக்கிறது, முதுகுப் பலகை தனியாகச் சுவரில் சாய்ந்து நிற்கிறது, உன் புருஷன் கையில் ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கோல், பக்கத்தில் உன் அண்ணி விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். எனக்கு எதுவும் தெரியாமல் என் வீட்டுக்குள்ளேயே இப்படி ஒரு காரியம்.

"யாரைக் கேட்டுத் திறந்தீங்க?" என்றேன். நான் கத்தினது மூன்றாவது மாடி வரைக்கும் கேட்டது என்று பிறகு சொன்னார்கள்.

மாப்பிள்ளை எழுந்து நின்றார். மேலதிகாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தப்பா நினைக்காதீங்க மச்சான். உள்ள எப்படி இருக்கும்னு ஒரு ஆசை, அவ்வளவுதான். ஒரு பத்து நிமிஷம் குடுங்க, மூடிடறேன்" என்றார்.

"பத்து நிமிஷம் இல்ல, ஒரு நிமிஷம் கிடையாது. குப்பையைக் கிண்டற கை என் வீட்டுச் சாமான்ல படக்கூடாது" என்றேன். மேலதிகாரியே, "விடுங்க சார், சொந்தக்காரங்க" என்றார். நான் விடவில்லை. மாப்பிள்ளை நாலு திருகாணியையும் முடுக்கினார், பையை எடுத்தார், உன் அண்ணி ஆற்றி வைத்திருந்த டீயைத் தொடாமல் படியிறங்கிப் போனார். அதுதான் அவர் என் வீட்டிலிருந்து கடைசியாகப் போனது.

அன்றிலிருந்து ரேடியோ உறுமத் தொடங்கியது. கீழ் வீட்டுக்காரர் சுவருக்குள் குளவி கூடு கட்டியிருக்கிறது என்று கொத்தனாரைக் கூட்டிவந்து ஒரு இடத்தைக் கொத்திப் பார்த்தார். செய்தி வாசிக்கிறவர் கிணற்றுக்குள் இறங்கி நின்று வாசிக்கிற மாதிரி கேட்டது. நான் விட்டேனா? வருகிறவர்களுக்குச் சத்தத்தைக் கூட்டிக் கூட்டிக் காட்டி, "கேளுங்க, இது என் மாப்பிள்ளை கைவண்ணம்" என்றேன். பால்காரரிடம் சொன்னேன். உன் நாத்தனாரிடம் போன் போட்டுச் சொன்னேன். உனக்கும் எழுதினேன். என்னைப் பொறுத்தவரை கணக்கு நேராக இருந்தது: அவர் தொட்டார், கெட்டது. நடந்தது என்னவென்று தெரியாமல் பேசினேன்.

அப்புறம் அவர் படுத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் இருந்த நாற்பது நாளும் எனக்கு முழங்கால் வலி என்று சொன்னேன். அப்போது முழங்கால் நன்றாகத்தான் இருந்தது. அவர் போய், எடுக்கிற அன்றைக்குத்தான் வந்தேன். நீ என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். நான் எவரோ மாதிரி கூட்டத்தின் பின்வரிசையில் நின்றுவிட்டு பஸ் ஏறிவிட்டேன். மறுவாரம் போன் செய்தபோது, "கடைசி வரைக்கும் அவர் உன்னைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாச் சொல்லலை அண்ணா. நீதான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அது நடந்து ஏழு மாசம் ஆகிறது.

ஒன்பது நாளைக்கு முன் காலை ஏழு மணிச் செய்தியின் நடுவில் ரேடியோவுக்குள்ளிருந்து படாரென்று ஒரு சத்தம். புகை. உன் அண்ணி ஓடிவந்து ஈரப் போர்வையை ரேடியோவின் மேல் போடுவதாக நினைத்து என் மேல் போட்டாள். அதற்குள் கட்டடம் முழுக்க மின்சாரம் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் லிஃப்டுக்குள், அவரோடு மூன்று மாசமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அவருடைய சம்பந்தியும் லிஃப்டுக்குள். முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது இருவரும் ராசியாகிவிட்டிருந்தார்கள், இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்டினார்கள். பழுது பார்க்க எடுத்துப்போகலாம் என்றால் பெட்டி பதினாறு கிலோ, எடை போட்டுத்தான் சொல்கிறேன். ஆட்டோ எதுவும் நிற்கவில்லை. எதிர் வீட்டுப் பெண்ணின் குழந்தைத் தள்ளுவண்டியை இரவல் வாங்கி, ரேடியோவை உட்கார வைத்து, தூசி படாமல் துண்டு போர்த்தித் தள்ளிக்கொண்டு போனேன். சிக்னலில் ஒரு அம்மாள் குனிந்து, "பாப்பாக்கு எத்தனை மாசம்?" என்றாள். "அம்பத்து நாலு வருஷம்" என்றேன். அந்த அம்மாள் பச்சை விழும் வரை காத்திருக்காமல் ரோட்டைக் கடந்துவிட்டாள்.

இப்போது ரேடியோ மெக்கானிக் எவரும் இல்லை. இருந்த ஒருவரையும் நான் படியிறக்கி அனுப்பிவிட்டேன். கடைசியில் ஒரு செல்போன் பழுது பார்க்கும் கடை. கடைக்காரி கண்ணாடி போட்ட இளம்பெண், அந்தத் தெருவில் அவளைப் போன் டாக்டர் என்கிறார்கள். ரேடியோவின் முதுகைத் திறந்து வைத்தாள். பிறகு விரல் மொத்தத்தில் வரிசையாக இருந்த பழுப்புக் காகித உருளைகளைக் காட்டினாள். "இதெல்லாம் கண்டன்சர் சார். கரண்டைப் பிடிச்சு வச்சுக்கிட்டு சீரா விடும். உள்ள காகிதமும் மெழுகும்தான். அந்தா நிக்குதே அலுமினிய டப்பா, அதுக்குள்ள ஈரப்பசை. ரேடியோவைப் போட்டாலும் போடாட்டியும் இதுக்கெல்லாம் வயசாகும். மெழுகு கசியும், ஈரம் காஞ்சிடும். இருபது, இருபத்தஞ்சு வருஷம் தாண்டறதே பெரிசு" என்றாள்.

"இது அம்பத்து நாலு வருஷம் தாண்டியிருக்கு. ஒரு கையும் பட்டதில்ல" என்றேன். அந்த நிலையிலும் எனக்கு வாய் அடங்கவில்லை பார்.

அவள் என்னை ஒருமாதிரி பார்த்தாள். ஒரு உருளையைக் கழற்றி, அதன் வாயிலிருந்த மெழுகைச் சூடு காட்டி இளக்கி, மேசையில் தட்டினாள். உள்ளேயிருந்து சுண்டுவிரல் நகம் அளவுக்கு மஞ்சளாக ஒன்று விழுந்தது. புத்தம்புது கண்டன்சர். அதைச் சுற்றி ஒரு காகிதச் சீட்டு. "பழைய உறையைக் காலி பண்ணி, உள்ள புதுசை வச்சு, மறுபடி மெழுகு ஊத்தி மூடியிருக்காங்க. வெளியே பாத்தா அப்படியே பழசு. ஒண்ணொண்ணுக்கும் அரை மணி நேரம் பிடிக்கும். புதுசை அப்படியே மாட்டினா அஞ்சு நிமிஷம். யாருக்குத் தெரியக்கூடாதுன்னு இவ்வளவு மெனக்கெட்டாங்க?" என்றாள்.

சீட்டில் மாப்பிள்ளையின் சாய்ந்த கையெழுத்து. தேதி, அதன் கீழே "மச்சான் கயிறு வாங்கப் போயிருக்கிறார். 40 நிமிடம்." அடுத்த உருளை, அடுத்த சீட்டு. "மச்சான் கயிறு வாங்கப் போயிருக்கிறார். 35 நிமிடம். அக்கா கொடுத்த டீ நன்றாக இருந்தது." இன்னொன்றில், "தெற்கு நிலையம் இப்போது தெளிவு. மச்சான் சந்தோஷப்படுவார்." இப்படி மொத்தம் பத்துச் சீட்டு. பத்தாவது சீட்டு அலுமினிய டப்பாவுக்குள் இருந்தது. அந்த டப்பாவில் சீட்டு மட்டும்தான் இருந்தது, கண்டன்சர் இல்லை. தேதியைப் பார்த்தேன். நான் கத்திய நாள். "இது போட்டாகிவிட்டால் இன்னும் பத்து வருஷத்துக்குக் கவலை இல்லை" என்று எழுதி முதலில் சீட்டை உள்ளே வைத்திருக்கிறார். சாமானை வைக்கத்தான் பத்து நிமிஷம் கேட்டிருக்கிறார்.

"உறுமினது இதனாலதான். இது ஒண்ணு இல்லாததால மத்ததெல்லாம் இதோட பாரத்தையும் சேத்துச் சுமந்திருக்கு. ரெண்டு வருஷம் ஓடினதே அதிசயம்" என்றாள் அந்தப் பெண். நான் அந்தக் கடை ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். அவள் போன் கண்ணாடி துடைக்கிற துணியை எடுத்துக் கொடுத்தாள், வேறு துணி அவளிடம் இல்லை.

வீட்டுக்கு வந்து உன் அண்ணியைக் கேட்டேன். அன்றைக்குத்தான் அவள் சுவரிடம் பேச ஆரம்பித்தாள்: "ரெண்டு பேர் இருக்கற வீட்டுல பத்துச் சுருள் கொடிக்கயிறு எதுக்குன்னு ஒரு நாளாவது இந்த மனுஷன் கேட்டிருக்காரா?" கேட்கவில்லை. எடைக்கல்லில் ஒரு நெல்மணி குறைந்தாலும் பிடித்தவன், என் வீட்டில் நடந்தது தெரியாமல் இருந்துவிட்டேன். அப்போதே சொல்லியிருக்கலாமே என்றேன். "மாப்பிள்ளைத் தம்பிதான் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார். ‘மச்சான் நாலு பேர் முன்னாடி சொல்லிட்டாரு அக்கா, அவர் வார்த்தை அப்படியே இருக்கட்டும்’னார்" என்றாள்.

ஆகவே தங்கையே, தப்பு முழுக்க என்னுடையது. ஊரெல்லாம் சொன்ன வாயால் இப்போது ஊரெல்லாம் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பால்காரர் என்னைக் கண்டால் வண்டியை வேகமாக மிதிக்கிறார். ஆனால் தெரியாமல் செய்த தப்பு அம்மாடி. தெரிந்து ஒருத்தர் இப்படிச் செய்வாரா? தெரியாமல் செய்ததை மன்னிப்பது உன் பழக்கம், சின்ன வயதில் உன் பாவாடையில் மை கொட்டியபோதுகூட மன்னித்தாய். அந்த அலுமினிய டப்பாவுக்குப் பொருத்தமான கண்டன்சர் மாப்பிள்ளையின் பெட்டியில் கட்டாயம் இருக்கும். அதை வாங்கிக்கொள்ள வருகிற வியாழக்கிழமை நான் வரலாமா? பெட்டியைப் பார்த்து எடுத்துக்கொண்டு உடனே கிளம்பிவிடுவேன். நீ பேசவேண்டும் என்றுகூட இல்லை.

உன் மகளுக்கும் பேரப்பிள்ளைக்கும் என் ஆசிகள். புது ஊரில் உனக்கு உடம்பும் மனசும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். பெட்டிகளைத் தனியாகத் தூக்காதே.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் உன் அண்ணி வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு, சுவரை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "தெரியாம, தெரியாமன்னு இத்தனை இடத்துல எழுதியிருக்கீங்களே" என்றாள். "ஒண்ணு அதையெல்லாம் அடிச்சுடுங்க, இல்ல நிஜத்தைக் கீழே எழுதுங்க" என்று பேனாவை என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அடித்தால் கடிதத்தில் ஒன்றும் மிஞ்சாது. அதனால் எழுதுகிறேன்.

கண்டன்சர் எனக்கு வேண்டாம். போன் டாக்டர் எங்கிருந்தோ ஒன்று வரவழைத்து நேற்றே போட்டுவிட்டாள். ரேடியோ கணீரென்று பாடுகிறது, ஒரு உறுமல் இல்லை. உன் வீட்டுக்கு வர எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது.

எனக்குத் தெரியும் அம்மாடி. முதல் தடவையே தெரியும். நான் வைத்த அரக்கு கறுத்த பழுப்பு. அவர் உருக்கி வைத்தது கொஞ்சம் சிவப்பு. திருகாணியின் பள்ளத்தில் புதுப் பளபளப்பு. முப்பத்தொரு வருஷம் முத்திரை பார்த்த கண்ணுக்கு அது தெரியாமல் போகுமா? தெரிந்தது, ரேடியோவும் முன்னைவிட நன்றாகப் பாடியது. சொன்னால் நாலு பேர் முன்னால் விட்ட சவடாலை விழுங்கவேண்டும். சொல்லவில்லை. கயிறு விற்கிற கடை எங்கள் வீட்டிலிருந்து பத்தாவது கட்டடம், போய்வர ஏழு நிமிஷம். மீதி நேரமெல்லாம் கயிற்றை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு தெருமுனையில் நிற்பேன். வேலை முடிந்ததும் மாப்பிள்ளை சோதித்துப் பார்க்கச் சத்தமாக வைப்பார். அது முனை வரை கேட்கும். கேட்டதும் கிளம்பி வருவேன். அன்றைக்கு அப்படி நின்றுகொண்டிருந்தபோதுதான் மேலதிகாரி வந்தார். முழங்கால் வலி என்றேன், கடையை மூடிவிடுவான் என்றேன், அவர் விடவில்லை. உள்ளே போய், அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதற்காகக் கத்தினேன். மாப்பிள்ளை ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் மானம் அங்கேயே போயிருக்கும். அவர் தன் மானத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாளே ஓடிவந்து அவர் கையைப் பிடித்திருக்க வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று அவர் போகும்வரை ஓட்டினேன். இடையில் அவரைப் பற்றி அவதூறும் சொன்னேன், அப்போதுதான் நான் சொன்னதை நானே நம்ப முடிந்தது.

இன்னொன்று. சீட்டு பத்து இல்லை, பதினொன்று. ஒன்றை மேலே எழுதவில்லை. ஐந்து வருஷத்துக்கு முந்தைய தேதி போட்டது. அதில் இருப்பது இவ்வளவுதான்: "மச்சான் தெருமுனையில் வெயிலில் நிற்கிறார் என்று அக்கா ஜன்னலில் பார்த்துச் சொன்னார். பாவம். இன்று சீக்கிரம் முடிக்க வேண்டும்."

எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும் அம்மாடி. அது தெரிந்துதான் அன்றைக்கு என் முன்னால் நின்று, "தப்பா நினைக்காதீங்க மச்சான்" என்றார். இதையும் படித்த பிறகு, நான் வியாழக்கிழமை வரலாமா வேண்டாமா என்று ஒரு வரி மட்டும் எழுது.